நீளும் பிரச்சாரம், ஏறும் செலவு: சேலம், ஏற்காடு வாக்காளர்களின் கேள்விகளும் பதில்களும்

தேர்தல் செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லாத கட்சி தமிழ்நாட்டில் இல்லை. எப்படிக் குறைப்பது என்று கேட்டால்தான் பேச்சு வேறு பக்கம் போகும். செவ்வாய்ப்பேட்டை கடைத்தெருவிலும் ஏற்காடு ஒண்டிக்கடை பக்கத்திலும் இந்தப் பேச்சு எழும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் சொல்வது எது, என் கருத்து எது என்பது படிக்கும்போதே புரியும்.

சட்டப்படி பிரச்சாரமே ரெண்டு வாரம்தானே? அதைப் போய் நீளம் என்கிறீர்களே?

சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. வேட்புமனு வாபஸ் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே முன்பு குறைந்தது 20 நாள் இருக்க வேண்டும். 1996-ல் அதை 14 நாளாகக் குறைத்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாபஸ் பெறக் கடைசி நாள் மார்ச் 30, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. கடைசி 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது என்பதால் அதையும் கழித்தால், இறுதிப் பட்டியல் வந்த பிறகு ஓட்டுக் கேட்க மூன்று வாரம்கூட இல்லை.

ஆனால் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வாழப்பாடி வரை சாலையோரச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். தேர்தலுக்குப் பல மாதம் முன்பே வெள்ளையடித்து, கட்சிப் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஆண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். சுவர் ‘ரிசர்வ்’ ஆகிவிட்டது என்று அர்த்தம். வேட்பாளர் யார் என்று கட்சித் தலைமைக்கே தெரியாத நேரத்தில் பெயின்டுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது. அடுத்து பூத் கமிட்டி கூட்டம், கூட்டத்துக்குச் சாப்பாடு, தலைவர் பிறந்த நாளுக்கு அன்னதானம், பொங்கலுக்குக் கோலப் போட்டி, கபடிப் போட்டிக்குக் கோப்பை, கோயில் திருவிழாவுக்கு பிளெக்ஸ். சீட் கேட்க நினைப்பவர் ஒரு வருடம் முன்பே ஊரில் நல்லது கெட்டது ஒன்றுவிடாமல் தலைகாட்டத் தொடங்கிவிடுவார். போகும் இடத்திலெல்லாம் மொய்.

ஓட்டுக் கேட்கும் நாள்கள் குறைந்துவிட்டன. செலவு செய்யும் நாள்கள் குறையவில்லை. சீர்திருத்தம் பற்றிப் பேசுபவர்கள் பலர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரு வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம்?

2022 ஜனவரியில் உயர்த்திய வரம்பின்படி, தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய், சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம். கட்சிக்கு வரம்பே கிடையாது.

அந்த 40 லட்சத்துக்குள் முடிகிறதா?

காகிதத்தில் முடிகிறது. அதுவும் பெரும்பாலானவர்கள் வரம்புக்கு நன்றாகக் கீழே முடித்திருப்பதாகவே கணக்குக் கொடுக்கிறார்கள்.

கணக்கு பார்க்கும் ஏற்பாடு மோசம் என்று சொல்ல மாட்டேன். வேட்பாளர் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். டீ, சாப்பாடு, நாற்காலி, ஷாமியானா, ஒலிபெருக்கி, வேன் வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். கூட்டத்தை வீடியோ எடுத்து, நாற்காலியை எண்ணி, பட்டியல் விலைப்படி நிழல் பதிவேட்டில் ஏற்றுவார்கள். வேட்பாளர் எழுதும் கணக்கோடு செலவினப் பார்வையாளர் அதை ஒப்பிடுவார். முடிவு அறிவித்த 30 நாளுக்குள் முழுக் கணக்கையும் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணமில்லாமல் செய்யாவிட்டால் மூன்று ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது.

உத்தரப்பிரதேசத்தில் பிசௌலி தொகுதி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ், காசு கொடுத்து வரவழைத்த செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டவில்லை என்று 2011-ல் தகுதி இழந்தார். ஆக, பல் இல்லாத சட்டம் என்று தள்ளிவிட முடியாது.

கோளாறு வேறு இடத்தில். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77-வது பிரிவின்படி, வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரைதான் கணக்கு. ஆட்டோ சேலம் ஜங்ஷனில் கிளம்பி ஐந்து ரோடு தாண்டிய பிறகு மீட்டர் போட்ட கதை. சுவர் பெயின்ட், கோலப் போட்டி, கபடிக் கோப்பை எல்லாம் மீட்டர் போடுவதற்கு முந்தைய ஓட்டம். நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015-ல் கொடுத்த 255-வது அறிக்கை, தேர்தல் அறிவிக்கை வெளியாகும் நாளிலிருந்தே கணக்கு தொடங்கட்டும் என்றது. அதுவும் ஒரு வாரம்தான் கூடுதல். எனக்குக் கேட்டால், சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

தலைவர் ஹெலிகாப்டரில் வந்து கூட்டம் போட்டால் அது யார் கணக்கு?

ஹெலிகாப்டர் செலவு வேட்பாளர் கணக்கில் வராது. நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் உள்ள தலைவர் கட்சிக்காகப் பயணம் செய்யும் செலவு வேட்பாளர் செலவில் சேராது என்று அதே 77-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேர் வரை அப்படிப் பட்டியல் கொடுக்கலாம். அங்கீகாரம் இல்லாத கட்சிக்கு 20 பேர்.

கூட்டம் நடத்தும் செலவுதான் சுவாரசியம். கோட்டை மைதானத்திலோ போஸ் மைதானத்திலோ தலைவர் பேசுகிறார் என்று வையுங்கள். பொதுவாகக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டுவிட்டுப் போனால் செலவு கட்சியுடையது. வேட்பாளர் மேடையேறினாலோ, அவர் பெயரைச் சொல்லித் தலைவர் ஓட்டுக் கேட்டாலோ, பேனரில் அவர் படம் இருந்தாலோ, கூட்டச் செலவு வேட்பாளர் தலையில் விழும். பல வேட்பாளர்கள் இருந்தால் பங்கு போட்டுப் பிரிப்பார்கள். சில கூட்டங்களில் உள்ளூர் வேட்பாளர் மேடைக்குக் கீழே நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பணிவு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்!

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. வேட்பாளருக்குத் தெரிந்தே கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று கன்வர் லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-ல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் செலவே ஆகாது என்று ஆக்கினார்கள். 2003-ல் அந்த வாசலை ஓரளவு மூடினார்கள். தலைவர்களின் பயணச் செலவு மட்டும் வெளியே நின்றது. கட்சிக்கு உச்சவரம்பு என்ற ஒன்று அப்போதும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள், மக்களவைத் தேர்தல் என்றால் 90 நாளுக்குள் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் செலவுக் கணக்குக் கொடுக்கின்றன. எவ்வளவு காட்டினாலும் சட்டத்தை மீறியதாகாது.

மலையில் நிற்கும் வேட்பாளருக்கும் டவுனில் நிற்பவருக்கும் ஒரே வரம்பா?

ஒரே வரம்புதான். சேலம் வடக்கு தொகுதியை டூ வீலரில் ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். ஏற்காடு அப்படியா? பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட இந்தத் தொகுதியில் சேர்வராயன் மலை மட்டும் இல்லை. கீழே வாழப்பாடியும் அந்தப் பக்கம் கல்வராயன் மலையில் கருமந்துறையும் இதில்தான் வருகின்றன. நாகலூரில் காலையில் ஓட்டுக் கேட்டுவிட்டு மாலையில் கருமந்துறைக்குப் போக நினைத்தால், கொட்டச்சேடு, குப்பனூர் வழியாகக் கீழே இறங்கி, வாழப்பாடி தாண்டி, மறுபடியும் இன்னொரு மலை ஏற வேண்டும். போக்கிலேயே அரை நாள் போய்விடும். டீசல் தனி. சின்ன மலைக் கிராமத்துக்குப் பெரிய பிரச்சார வேன் போகாது. ஜீப்போ பிக்கப்போ வாடகைக்கு எடுக்க வேண்டும். காபித் தோட்டத்தில் வேலைக்குப் போனவர்கள் திரும்புவது சாயங்காலம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. ஒரு கிராமத்துக்குக் கிடைப்பது சில மணி நேரம்தான்.

இங்கே நேர்மையாகச் செலவு செய்பவருக்கு 40 லட்சமே இழுபறி என்று வாதிட இடமுண்டு. பணக்கார வேட்பாளருக்கு அதே 40 லட்சம் காகிதத்தில் எழுதும் எண். சீர்திருத்தம் என்றால் வரம்பைக் குறைப்பது என்று மட்டும் நினைப்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: மலைத் தொகுதிக்குப் பயணச் செலவைத் தனியாகப் பார்த்து, தேவைப்பட்டால் வரம்பை உயர்த்திக்கூடக் கொடுங்கள். ஆனால் செலவை முதல் நாளிலிருந்து எண்ணுங்கள்.

எம்.எல்.ஏ. பெருமாள் மறைவால் 2013 டிசம்பர் 4-ல் ஏற்காட்டில் இடைத்தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதன்முதலில் வந்தது அந்தத் தேர்தலில்தான். அப்போது சட்டமன்றத் தொகுதிக்கு வரம்பு 16 லட்சம். இரு பெரிய கட்சிகளும் அமைச்சர்கள், முன்னாள் அமைச்சர்கள், வெளிமாவட்ட நிர்வாகிகள் என்று ஆளைத் திரட்டிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள், 16 லட்சம் என்ற எண்ணைக் கேட்டுச் சிரித்தார்கள்.

இன்னொன்று. சட்டமன்றத்துக்கு ஏற்காடு சேலம் மாவட்டத் தொகுதி. மக்களவைக்கு அது கள்ளக்குறிச்சியோடு போகிறது. சேலம் மாவட்டத்தின் 11 சட்டமன்றத் தொகுதிகள் சேலம், கள்ளக்குறிச்சி, தர்மபுரி, நாமக்கல் என நான்கு மக்களவைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. கள்ளக்குறிச்சி எம்.பி. வேட்பாளர் மலைக்கு ஒரு தடவை வந்துபோனாலே பெரிய விஷயம். பிரச்சாரம் நீளமோ குட்டையோ, மேலே இருப்பவர்களுக்கு இந்தக் குறை தீர்வதில்லை.

தேர்தல் வந்தாலே சாலைச் சோதனையால் வெள்ளிக் கொலுசு வேலை படுத்துவிடுகிறதே. இந்தச் சோதனையும் செலவைக் கட்டுப்படுத்தத்தானா?

அப்படித்தான் சொல்லப்படுகிறது. கொலுசுத் தொழில் நடக்கும் விதம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் எல்லா வேலையும் முடியாது. கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், சலங்கை கோப்பது ஒரு வீடு, மெருகு போடுவது வேறிடம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பனங்காடு, சிவதாபுரம் என்று வெள்ளி மஞ்சப்பையில் ஊர் சுற்றும். கூடப் போவது எடை எழுதிய துண்டுச் சீட்டு. கூலிக்கு வேலை செய்பவர் கையில் பில் எப்படி இருக்கும்? கிலோ வெள்ளி லட்ச ரூபாயைத் தாண்டிய பிறகு, சின்னப் பையே பெரிய தொகை ஆகிவிட்டது. பறக்கும் படை மடக்கினால் பை கருவூலத்துக்கும் ஆள் கலெக்டர் ஆபீசுக்கும் போக வேண்டியதுதான்.

விதியில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைப் பலர் படிப்பதில்லை. வேட்பாளரோ ஏஜென்டோ கட்சிக்காரரோ இருக்கும் வண்டியில், அல்லது கட்சி போஸ்டர் ஏற்றிய வண்டியில், 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறிமுதல். வாக்காளருக்குக் கொடுக்க வாய்ப்புள்ள 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுப் பொருளும் அப்படியே. சாலையில் நடப்பது வேறு: யாரிடம் இருந்தாலும் ஆவணம் காட்டு, இல்லையென்றால் பறிமுதல். பிடிபட்ட பொருளைத் திரும்பப் பெற மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு உண்டு. தேர்தலோடு தொடர்பில்லை, வழக்கும் இல்லை என்றால் வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதும் விதி. பட்டறைக்காரருக்கு அதற்குள் ஆர்டர் போய்விடும். சேகோ வியாபாரி, லீ பஜார் மளிகைக்காரர், சந்தைக்கு மாடு வாங்கப் போகும் விவசாயி எல்லோருக்கும் இதே பாடு.

2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டோம். எண்ணியது ஜூன் 4. இடையில் 46 நாள். நாடு முழுக்க ஏழு கட்டம் நடந்ததால் நாம் காத்திருந்தோம். சேலம் தொகுதி இயந்திரங்கள் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் காவலோடு பூட்டிக் கிடந்தன. சோதனை ஓரளவு தளர்ந்தாலும், நடத்தை விதிகள் அமலில் இருந்ததால் புதிய திட்ட அறிவிப்பு எதுவும் கிடையாது. நீளமான தேர்தலுக்கு விலை கொடுப்பவர்கள் பட்டியலில் போட்டியிடாதவர்களும் இருக்கிறார்கள்.

ஓட்டுக்குக் காசு கொடுப்பதை இந்தச் சீர்திருத்தம் நிறுத்துமா?

நேரடியாக நிறுத்தாது. அது பிரச்சாரச் செலவில் வராது. லஞ்சம். கொடுத்தாலும் வாங்கினாலும் குற்றம், ஓராண்டு வரை சிறை. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நின்றன. 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் நின்றது. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. எல்லாம் பணப் பட்டுவாடாவால். தேர்தல் தள்ளிப்போனதால் செலவு இரண்டு மடங்கு ஆனதே தவிர, தொகுதிகள் திருந்தியதாகத் தெரியவில்லை.

வாங்குபவரைத் திட்டுவது சுலபம். தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகும் ஓர் அம்மா, “அவங்க சம்பாதிச்சதுல நமக்கும் கொஞ்சம் வருது, அதுகூட வேண்டாமா சாமி?” என்று கேட்டால், சட்டப் பிரிவு எண்ணை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கோடிக்கணக்கில் போட்டுச் சீட் வாங்கி, கோடிக்கணக்கில் போட்டு ஜெயிப்பவர் அதை ஐந்து வருடத்தில் எடுக்கப் பார்ப்பார். முதல் செலவைக் குறைத்தால் எடுக்க வேண்டிய கட்டாயமாவது குறையும். அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

ஒரே நாடு ஒரே தேர்தல் வந்தால் எல்லாம் சரியாகுமே?

ராம்நாத் கோவிந்த் குழு 2024 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. டிசம்பரில் அரசமைப்புத் திருத்த மசோதாவும் தாக்கலானது. அரசு தேர்தல் நடத்தும் செலவு அதனால் குறையலாம். வேட்பாளரும் கட்சியும் செய்யும் செலவுக்கு அதில் கடிவாளம் எதுவும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

வெளிநாட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அமெரிக்காவை முன்மாதிரியாக எடுக்க வேண்டாம். அங்கே அதிபர் தேர்தல் பிரச்சாரம் இரண்டு வருடம் வரைகூட இழுக்கும். செலவுக்கு வரம்பு வைப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1976-ல் பக்லி வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஜப்பானில் கீழவைத் தேர்தலுக்கு அதிகாரபூர்வப் பிரச்சாரம் 12 நாள். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கவே தடை. நம் ஊருக்கு அது சரிப்படாது. வாசலில் நின்று கும்பிடாதவருக்கு இங்கே யார் ஓட்டுப் போடுவார்கள்?

கனடாதான் கவனிக்க வேண்டிய நாடு. 2015 தேர்தலில் பிரச்சாரம் 78 நாள் ஓடியது. பிறகு சட்டத்தைத் திருத்தி 50 நாளுக்கு மேல் கூடாது என்றார்கள். அதோடு விடவில்லை. நாளைக் குறைத்தால் செலவு முன்னால் நகரும் என்று தெரிந்து, தேர்தல் அறிவிப்புக்கு முந்தைய சில மாதங்களில் கட்சிகள் செய்யும் விளம்பரத்துக்கும் வரம்பு வைத்தார்கள். பிரிட்டனில் கட்சிக்கே தேசிய அளவில் உச்சவரம்பு உண்டு. டிவியில் காசு கொடுத்து அரசியல் விளம்பரம் போட முடியாது.

அரசே தேர்தல் செலவை ஏற்றால் என்ன?

இந்திரஜித் குப்தா குழு 1998-ல் இதைச் சொன்னது. பணமாக வேண்டாம், பொருளாகவும் வசதியாகவும் கொடுக்கலாம், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் என்றது. வானொலியிலும் தூர்தர்ஷனிலும் கட்சிகளுக்கு இலவச நேரம் ஏற்கெனவே உண்டு. யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

கட்சி வரம்பு இல்லாமல் அரசுப் பணமும் சேர்ந்தால், இருக்கும் செலவுக்கு மேல் இதுவும் ஒரு செலவு. முதலில் வரம்பு, பிறகு உதவி என்பது என் நிலைப்பாடு. பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் ரத்து செய்ததால், யார் கொடுத்தது என்பதாவது வெளியே வந்தது. எவ்வளவு செலவழிக்கலாம் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை.

செலவையும் நாளையும் சுருக்கினால், பெயர் தெரியாத புதியவர்தானே அடிபடுவார்?

இதுதான் நியாயமான எதிர்ப்பு. ஆளுங்கட்சிக்காரர் முகம் ஐந்து வருடமாக ஊருக்குத் தெரியும். சுயேச்சைக்குச் சின்னமே வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் உறுதியாகும். அந்தச் சின்னத்தை மாரமங்கலம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க அவரிடம் இருப்பது மூன்று வாரத்துக்கும் குறைவு. ஆகவே அந்த 14 நாளை இன்னும் வெட்ட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன்.

புதியவருக்கு உதவ வேறு வழி இருக்கிறது. பிரிட்டனில் நாடாளுமன்ற வேட்பாளர் ஒவ்வொருவரும் தன் துண்டறிக்கையை வாக்காளர்களுக்கு ஒருமுறை தபாலில் இலவசமாக அனுப்பலாம். இங்கே பூத் சிலிப் கொடுக்க வீட்டுக்கே வருகிறார்கள். அதோடு எல்லா வேட்பாளர்களின் பெயர், சின்னம், படிப்பு, வழக்கு, சொத்து, அரைப் பக்க வாக்குறுதி அச்சிட்ட ஒரு சிறு புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன? பிரமாணப் பத்திரம் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. டவர் கிடைக்காத மலைக் கிராமத்தில் அதை எங்கே திறப்பது?

பிளெக்ஸ், சவுண்ட் சர்வீஸ், வேன் ஓட்டுபவர்கள் பிழைப்பு?

சீசன் வருமானம் போகும், மறுக்கவில்லை. ஆனால் தோற்ற வேட்பாளரிடம் பாக்கி வசூலிக்க அலைந்த சவுண்ட் சர்வீஸ்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தேர்தல் ஆர்டரைவிடக் கல்யாண ஆர்டரே மேல் என்பார்.

நாமே ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, படித்துவிட்டுப் போக வேண்டியதுதானா?

தேர்தல் நேரத்தில் விதிமீறலைக் கண்டால், தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது இலக்கு.

அதிகம் பேர் பயன்படுத்தாத இன்னொரு உரிமை இருக்கிறது. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 88-வது விதிப்படி, வேட்பாளர்கள் தாக்கல் செய்த செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் ஒரு ரூபாய். நகல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். சேலம் கலெக்டர் அலுவலகத்தில் தேர்தல் பிரிவைக் கேட்டு, விதி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். முடிவு வந்து 30 நாளுக்குப் பிறகு போனால்தான் எல்லோர் கணக்கும் வந்திருக்கும்.

கையில் கிடைத்ததும் மொத்தத் தொகையைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வாகனப் பக்கத்துக்குப் போங்கள். எத்தனை வண்டி, எத்தனை நாள், டீசல் எவ்வளவு என்று எழுதியிருக்கும். உங்கள் ஊருக்குள் எத்தனை வண்டி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்து துண்டறிக்கை: அச்சகத்தின் பெயரும் வெளியிட்டவர் பெயரும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவின்படி அதில் இருக்க வேண்டியவை. வீட்டில் ஒரு துண்டறிக்கை மிச்சம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். பிறகு கூட்டப் பக்கம். உங்கள் தெருமுனைக் கூட்டம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் தேதி, இடம், செல்போனில் எடுத்த படம் ஆகியவற்றோடு தேர்தல் ஆணையத்துக்கே எழுதலாம். அதற்குக் கட்சிக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை, வக்கீலும் தேவையில்லை.